இரு பீர்க்குகள், இரு பொழுதுகள்

பூசணிக் குடும்பத்தின் லஃபா என்னும் பேரினத்தில் பரவலாகப் பயிரிடப்படுபவை இரண்டு சிற்றினங்களே. பத்து வரம்புகள் நீளவாக்கில் புடைத்து ஓடும் பீர்க்கு, அறிவியலில் லஃபா அக்யூட்டாங்குலா எனப்படும். வரம்பின்றி வழவழப்பாக நீளும் நுரைப்பீர்க்கு, லஃபா ஈஜிப்டியாகா எனப்படும். காயைக் கண்டவுடன் இவ்வேறுபாடு புலப்பட்டாலும், அதைவிட ஆழமானது பூ விரியும் பொழுதில் உள்ள வேறுபாடாகும்.

பீர்க்கின் வெளிர்மஞ்சள் பூக்கள் மாலையில் மலர்ந்து இரவெல்லாம் விரிந்திருக்க, நுரைப்பீர்க்கின் அடர்மஞ்சள் பூக்கள் விடியற்காலையில் மலர்ந்து பகல்நேரத் தேனீக்களை ஈர்க்கின்றன. ஆண்பூவில் முன்னதற்கு மூன்று மகரந்தத்தாள்களும், பின்னதற்குப் பெரும்பாலும் ஐந்தும் உண்டு. இரண்டிலும் குரோமோசோம்களின் எண்ணிக்கை 26 என்பதால், கையால் மகரந்தம் சேர்த்தால் கலப்பினம் உருவாகிறது. ஆனால் அக்கலப்பினத்தின் இனப்பெருக்கத்திறன் குறைந்துவிடும். அருகருகே ஒரே பந்தலில் படர்ந்தாலும் இவை எளிதில் கலவாமைக்கு மலரும் பொழுதும் ஒரு காரணமாகும். சங்கப் புலவர்கள் தலைவியின் மேனி வெளிறும் பசலைக்குப் பீரம்பூவை, அதாவது பீர்க்கம்பூவை, உவமையாக்கினர். அந்த வெளிறிய நிறத்துக்கு மாலையில் மலரும் பீர்க்கே பொருத்தமானது எனலாம்.

இரண்டையும் பிஞ்சிலேயே சமைக்க வேண்டும். முற்றினால் நார் ஓடிவிடும். பீர்க்கின் தோல்கூடத் துவையலாகிறது. ஆயினும் அதன் காட்டு வகையான பேய்ப்பீர்க்கு, குக்கர்பிட்டசின் என்னும் கசப்புப் பொருள் மிகுந்திருப்பதால் உணவுக்கு உதவாது.

நுரைப்பீர்க்கின் பெருமையோ முற்றிய பின்னரே தொடங்குகிறது. நீரையும் உணவையும் கடத்தும் குழாய்த்திசுக்கள் எல்லாத் திசைகளிலும் பின்னி, காய்க்குள் ஒரு வலைக்கூட்டை உருவாக்குகின்றன. காயை நீரில் ஊறவைத்துத் தோலை உரித்து, விதைகளை உதறி, வெயிலில் உலர்த்தினால் உடல் தேய்க்கும் நார் கிடைக்கும். பீர்க்கிலும் நார் உண்டெனினும், வரம்போடிய கடினமான தோலைப் பிரித்தெடுப்பது எளிதன்று. இரண்டாம் உலகப் போருக்கு முன் ஜப்பானிலிருந்து அமெரிக்காவுக்குச் சென்ற நுரைப்பீர்க்கு நார், குளியலறையைவிடக் கப்பல் எந்திரங்களின் வடிகட்டிகளிலேயே பெரிதும் பயன்பட்டது என்பது பலரும் அறியாத செய்தி.

அண்மைக் காலத்தில் நுரைப்பீர்க்கின் வேரும் மதிப்புப் பெற்றுள்ளது. தேங்கிய நீரையும், மண்வழிப் பூஞ்சையால் வரும் வாடல் நோயையும் அது தாங்குவதால், தைவானில் பாகல் நாற்றின் தண்டை நுரைப்பீர்க்கின் வேர்ச்செடியில் ஒட்டுக்கட்டி வயலில் நடுகின்றனர்.