நகத்திற்கு வண்ணம், இரு விரல்களுக்கு விடுப்பு

ஆடி பிறந்துவிட்டால் திருத்தணி வீதிகளில் இரண்டு நிறங்கள் கூடுதலாகத் தென்படும். ஒன்று, கிருத்திகைக்குக் காவடி எடுப்போர் உடுத்தும் மஞ்சள். மற்றொன்று, பெண்களின் விரல் நுனிகளில் ஏறியிருக்கும் மருதாணிச் சிவப்பு. இவ்வூர் 1960 வரை ஆந்திரத்தின் சித்தூர் மாவட்டத்தில் இருந்தது. எல்லைக்கோடு நகர்ந்த பின்னும் வீட்டு வழக்கங்கள் நகரவில்லை. தெலுங்கு பேசும் குடும்பங்களில் ஆஷாட மாதத்தில் பெண்கள் கோரிண்டாகு இட்டுக்கொள்வது இன்றும் விட்டுப்போகாத வழக்கம். தெலுங்கில் 'கோரு' என்றால் நகம். மருதாணிக்கு அவர்கள் வழங்கும் பெயரின் தொடக்கத்திலேயே நகம் ஒலிக்கிறது. உள்ளங்கையில் ஒரு வட்டம், அதனைச் சுற்றிச் சில புள்ளிகள், ஒவ்வொரு விரலுக்கும் நகத்தை மூடிய ஒரு தொப்பி. நகக்கலை என்ற பெயர் வருவதற்கு நெடுங்காலம் முன்பே நம் வீடுகளில் இருந்த நகக்கலை இது.

நோயுற்றிருப்பவர் நகங்களுக்கு வண்ணம் இட்டுக்கொள்ளலாமா என்று எங்களிடம் கேட்பவர்கள் உண்டு. பெரும்பாலும் தாழ்ந்த குரலில்தான் கேட்பார்கள். இந்த நிலையில் அலங்காரம் எதற்கு என்று யாரேனும் சொல்லிவிடுவார்களோ என்ற கூச்சம். படுக்கையில் இருப்பவர் தம் முகத்தை நாளுக்கு ஒருமுறை பார்த்தாலே அதிகம். ஆனால் தம் கைகளை நாள் முழுவதும் பார்த்துக்கொண்டிருக்கிறார். ஊசி குத்திய தழும்பும் பிளாஸ்திரியும் மட்டுமே அக்கைகளில் தெரிய வேண்டும் என்று எந்த மருத்துவ நூலும் சொல்லவில்லை. எனவே எங்கள் விடை: பெரும்பாலோர் இட்டுக்கொள்ளலாம். ஆனால் ஒவ்வொரு கையிலும் ஒரு விரலையாவது வெறுமையாக விட்டுவிட வேண்டும்.

ஏன் என்று விளக்குவது எங்கள் கடமை. விரல் நுனியில் மாட்டப்படும் பல்ஸ் ஆக்ஸிமீட்டர், சிவப்பு ஒளியையும் கண்ணுக்குத் தெரியாத அகச்சிவப்பு ஒளியையும் விரலின் ஊடே செலுத்தி, மறுபுறம் வந்து சேரும் ஒளியின் அளவைக் கொண்டு இரத்தத்தில் உள்ள ஆக்சிஜனைக் கணிக்கிறது. கறுப்பு, நீலம், பச்சை போன்ற அடர்ந்த பூச்சுகள் அவ்வொளியில் ஒரு பகுதியை விழுங்கிவிடக்கூடும். அப்போது கருவி உண்மையைவிடக் குறைந்த எண்ணைக் காட்டலாம். அல்லது எண்ணே வராமல் திணறலாம். புதிய கருவிகளில் இந்தப் பிழை சிறியதே. ஆயினும் நள்ளிரவில் மூச்சுத் திணறும் ஒருவருக்கு அளவு பார்க்கும்போது, வந்த எண் நோயினுடையதா, நகப்பூச்சினுடையதா என்ற ஐயத்திற்கு இடம் இருக்கலாகாது.

கருவி இல்லாமலும் நகம் பேசும். நகத்தை அழுத்தி விட்டால் வெளுத்த இடம் ஏறக்குறைய இரண்டு நொடிகளுக்குள் மீண்டும் சிவக்க வேண்டும். அதற்கு மேல் தாமதித்தால் இரத்த ஓட்டத்தில் குறை இருக்கலாம் என்று மருத்துவர் கவனிப்பார். நகம் கரண்டிபோல் குழிந்திருந்தால் இரும்புச்சத்துக் குறைவை ஐயுறுவார். கடும் காய்ச்சலோ பெரிய நோயோ வந்து சென்ற சில வாரங்களுக்குப் பின் நகத்தின் குறுக்கே ஒரு பள்ளம் தோன்றுவதுண்டு. அதனை 1846இல் விவரித்த பிரெஞ்சு மருத்துவர் போவின் பெயரால் அது போ கோடு எனப்படுகிறது. கைவிரல் நகம் மாதத்திற்கு ஏறத்தாழ 3 மில்லிமீட்டர் வளரும். ஆகவே, பள்ளம் நகத்தின் அடியிலிருந்து எவ்வளவு தள்ளியிருக்கிறது என்று அளந்தால், நோய் எப்போது தாக்கியது என்பதைத் தோராயமாகச் சொல்லிவிடலாம். அந்தப் பள்ளத்தைக் கண்டு அஞ்ச வேண்டியதில்லை. நகம் மீண்டும் வளரத் தொடங்கிவிட்டது என்பதற்கு அதுவே சான்று.

இனி, பலர் எதிர்பாராத ஒரு செய்தி. மருதாணி இயற்கையானது, ஆதலால் நோயாளிக்கு அதுவே மேல் என்று நம்பப்படுகிறது. மருத்துவமனையின் கண்கொண்டு பார்த்தால் நிலைமை வேறு. நகப்பூச்சை ரிமூவர் நனைத்த பஞ்சால் ஒரு நிமிடத்தில் துடைத்துவிடலாம். மருதாணி இலையில் உள்ள லாசோன் என்னும் சாயமோ நகத்தின் கெரட்டினோடு பிணைந்துவிடுகிறது. தோலில் ஏறிய சிவப்பு இரண்டு மூன்று வாரங்களில் மங்கும்; நகத்தில் ஏறியது நகம் முழுவதும் வளர்ந்து வெட்டப்படும் வரை, அதாவது ஏறத்தாழ ஆறு மாதம், நிற்கும். எந்தத் திரவத்தாலும் அதனை அழிக்க இயலாது. அறுவை சிகிச்சைக்கு நாள் குறிக்கப்பட்டவர்களும், அடிக்கடி அவசரப் பிரிவுக்கு வர நேரும் இதய, நுரையீரல் நோயாளிகளும் உள்ளங்கை வட்டத்தோடு நிறுத்திக்கொண்டு நகத்தைத் தவிர்ப்பது நல்லது. ஆசை விடாதெனில், இரு ஆள்காட்டி விரல்களையேனும் தொப்பியின்றி விடுங்கள்.

கறுப்பு மருதாணி என்று விற்கப்படுவதை யாருக்குமே நாங்கள் பரிந்துரைக்க மாட்டோம். அரைத்த இலை முதலில் ஆரஞ்சு நிறம் தந்து, ஓரிரு நாளில் செம்பழுப்பாக முதிரும். ஒரு மணி நேரத்திற்குள் கன்னங்கரேலென்று பிடிக்கும் கோனில், தலைமுடிச் சாயங்களில் பயன்படும் பிபிடி என்ற இரசாயனம் கலந்திருக்க வாய்ப்பு மிகுதி. அது தோலில் கொப்புளங்களை எழுப்பக்கூடும். ஒருமுறை ஒவ்வாமை தோன்றிவிட்டால் பின்னாளில் முடிச்சாயம் பூசும்போதெல்லாம் அது திரும்ப வரலாம். தூய மருதாணிக்கும் ஒரு விலக்கு உண்டு. ஜி-6-பி-டி என்ற நொதிக் குறைபாடு உள்ள குழந்தைகளுக்கு மருதாணி பட்டால் இரத்தச் சிவப்பணுக்கள் சிதைந்து, சோகையும் மஞ்சள் காமாலையும் உண்டாகலாம். பிறந்த குழந்தைக்கு இக்குறைபாடு இருப்பது பெற்றோருக்குத் தெரிந்திருக்காது. கைக்குழந்தையின் பிஞ்சு விரல்களுக்கு மருதாணி இடும் ஆவலைச் சிறிது காலம் அடக்கிக்கொள்ளுமாறு பாட்டிமார்களை வேண்டுகிறோம்.

இப்போது அலங்காரத்திற்கு வருவோம். முதன்முறை செய்பவருக்கு இரண்டு புட்டி நகப்பூச்சும் ஒரு பல்குச்சியும் போதும். ஒன்று வெளிர் ரோஜா போன்ற இளநிறம், மற்றொன்று வெள்ளை. கைகளைக் கழுவி, ஈரம் போகத் துடைத்து, நகங்களை அளவாக வெட்டி, ஓரங்களை ஒரே திசையில் அராவுங்கள். நகத்தின் அடியில் ஒட்டியிருக்கும் மெல்லிய தோலை வெட்டவோ குத்தித் தள்ளவோ கூடாது; கிருமிகள் உள்ளே புகாமல் காக்கும் கதவு அது. அழகு நிலையங்கள் முதலில் கைவைப்பது அதன்மேல்தான் என்பது எங்கள் நெடுநாள் வருத்தம்.

இளநிறத்தை மெல்லியதாக, நடுவில் ஒரு கோடும் இருபுறமும் ஒவ்வொரு கோடுமாக மூன்றே இழுப்பில் பூசுங்கள். தடிமனாக ஒருமுறை பூசுவதைக் காட்டிலும் மெலிதாக இருமுறை பூசுவது விரைவில் உலரும். நன்கு உலர்ந்தபின், பல்குச்சியின் நுனியை வெள்ளையில் தொட்டு, நடுவில் ஒரு புள்ளியும் சுற்றிலும் ஐந்து புள்ளிகளும் வையுங்கள். பூ மலர்ந்துவிடும். வாசலில் புள்ளிக் கோலம் இட்டுப் பழகிய கைகளுக்கு இது விளையாட்டு. வளைந்த கோடுகளை முதல் நாளே முயல வேண்டாம். நகம் சிறிய வாசல், அதில் புள்ளிகளே போதும். நகத்தின் பாதியை செல்லோடேப்பால் மறைத்து மறுபாதிக்கு மட்டும் வண்ணம் பூசுவது இன்னும் எளிது. டேப்பை மெதுவாக உரிக்க வேண்டும். மெலிந்து உரியும் நகங்களில் இம்முறை ஆகாது.

வலக்கைப் பழக்கம் உள்ளவர் தம் வலக்கை நகங்களுக்குத் தாமே பூசிக்கொள்வது கடினம். நடுங்கும் கைகளுக்கு இன்னும் கடினம். அங்கேதான் உடனிருப்பவரின் பங்கு வருகிறது. ஒரு தலையணையை மடியில் வைத்து, அதன்மேல் நோயாளியின் கையைத் தாங்கிப் பிடித்துக்கொள்ளுங்கள். மாத்திரை கொடுக்கவும் துடைத்துவிடவும் மட்டுமே அந்தக் கையைத் தொட்டுக்கொண்டிருந்த நாள்களுக்கு நடுவே, அரை மணி நேரம் வேறொரு காரணத்திற்காக அதைப் பிடித்திருக்கிறீர்கள்.

சிலர் மட்டும் முதலில் மருத்துவரைக் கேட்க வேண்டும். டாசிடாக்சல், பாக்லிடாக்சல் போன்ற புற்றுநோய் மருந்துகள் நகத்தைப் படுக்கையிலிருந்து தளர்த்தக்கூடும். அந்நிலையில் ஒட்டுநகம், ஜெல், அக்ரிலிக் எதுவும் வேண்டாம். தளர்ந்த நகத்தின் அடியில் ஈரம் தேங்கினால் தொற்று வரும். நீரிழிவு உள்ளவர்கள் கால் நகங்களை அடர்ந்த வண்ணத்தால் மூடி வாரக்கணக்கில் விடக்கூடாது; உணர்வு மங்கிய காலில் புண் தொடங்குவதைக் கண்தான் கண்டுபிடிக்க வேண்டும். நகத்தின் நெடுக்கே கருங்கோடு புதிதாகத் தோன்றினால், அதனைப் பூச்சால் மறைக்காமல் மருத்துவரிடம் காட்டுங்கள். பூச்சு இட்டபின் இமைகளில் அரிப்பும் தடிப்பும் வந்தால், கண்ணைச் சந்தேகிப்பதற்கு முன் நகப்பூச்சைச் சந்தேகியுங்கள். விரலால் இமையைத் தொடும்போது அந்த ஒவ்வாமை அங்கே வெளிப்படுவது வழக்கம். வீட்டில் புண்ணுக்குக் கட்டு மாற்றுபவர்கள் ஒட்டுநகம் அணியாதிருப்பது நன்று. நோயாளிகளைத் தொட்டுப் பணிபுரிவோர் அதனை அணியலாகாது என்பதே உலக சுகாதார நிறுவனத்தின் அறிவுரையும்.

நகப்பூச்சும் ரிமூவரும் எளிதில் தீப்பற்றும். வீட்டில் ஆக்சிஜன் உருளையோ கான்சென்ட்ரேட்டரோ இயங்கும் அறையில் அவற்றைத் திறக்க வேண்டாம். அடுப்பும் பூசை விளக்கும் எரியும் இடத்திலும் வேண்டாம். அறுவை சிகிச்சைக்கு முந்தைய மாலையில், விடுப்பில் இருந்த இரு விரல்களோடு மற்ற எட்டும் சேரட்டும்: பத்து விரல்களையும் துடைத்துக் கழுவிவிட்டு வாருங்கள். மருதாணி இட்டிருந்தால் அதனை மறைக்க முயலாமல், சேர்க்கைப் பிரிவிலேயே செவிலியரிடம் சொல்லிவிடுங்கள். அளவு பார்க்கக் காது மடல் இருக்கிறது.