அறுவைச் சிகிச்சையில் வலித்தடுப்பு: நினைவிழப்பும் வலியின்மையும்

முன்னுரை

அறுவைச் சிகிச்சையின்போது நோயாளி நினைவிழந்திருப்பதால் வலி முற்றிலும் நீங்கிவிட்டதாகக் கருதுவது இயல்பு. ஆயினும் நினைவிழப்பு வேறு. காயத்தின் தூண்டல்கள் நரம்பு மண்டலத்தை எட்டாதிருத்தல் வேறு. இவ்வேறுபாட்டின் அடிப்படையில் வளர்ந்த தடுப்பு மருந்து முறையை இக்கட்டுரை விளக்குகிறது.

கருத்தின் வளர்ச்சி

20ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் அமெரிக்க அறுவை மருத்துவர் ஜார்ஜ் கிரைல், பொது மயக்கத்துடன் வெட்டப்படும் பகுதியை மரத்துப்போகச் செய்யும் மருந்தையும் சேர்த்தளிக்க வேண்டும் என்றார். மயக்கம் உணர்வை அடக்கினாலும், காயத்திலிருந்து எழும் தூண்டல்களை நிறுத்துவதில்லை என்பது அவர் கருத்து. காயத்தின் தூண்டலால் தண்டுவட நரம்பணுக்கள் மிகையுணர்வு பெறுவதற்கான சான்றைக் கிளிஃபர்ட் ஊல்ஃப் 1983இல் எலிகளிடம் கண்டறிந்து வெளியிட்டார். இந்நிலையில் மெல்லிய தொடுதலும் வலியாகலாம். 1988இல் பேட்ரிக் வால், அறுவைக்குப் பிந்தைய வலியை முன்கூட்டியே தடுப்பது குறித்துத் தலையங்கம் எழுதினார்.

முன்னளிப்பும் தொடர்தடுப்பும்

வெட்டுக்கு முன் மருந்தளித்தால் மட்டும் போதுமா என்னும் வினாவிற்குப் பின்வந்த ஆய்வுகள் ஒருமித்த விடை தரவில்லை. தையலிட்ட பின்னரும் புண்ணின் அழற்சி தூண்டல்களை அனுப்பிக்கொண்டேயிருக்கும். எனவே, மருந்து தொடங்கும் நேரத்தினும் அதன் பயன் நீடிக்கும் காலமே முதன்மை பெறுகிறது.

சிக்கல்களைத் தவிர்த்தல்

மார்ஃபின் போன்ற ஓபியாய்டு மருந்துகளை மட்டும் சார்ந்திருந்தால் குமட்டல், வாந்தி, மூச்சுத் தளர்ச்சி ஆகியன நேரலாம். ஆகவே பாரசிட்டமால், அழற்சி நீக்கிகள், நரம்புத் தடுப்பு ஊசி ஆகியன இணைத்து அளிக்கப்படுகின்றன. இவை வெவ்வேறு வழிகளில் செயல்பட்டு ஓபியாய்டின் தேவையைக் குறைக்கின்றன. வாந்தியைத் தடுக்க மயக்கத்தின் தொடக்கத்தில் டெக்சாமெத்தசோனும், அறுவை முடியும் தறுவாயில் ஒன்டான்செட்ரானும் பயன்படுகின்றன.

எனினும் தடுப்பு மருந்தும் தீங்கற்றதன்று. அழற்சி நீக்கிகள் சிறுநீரக நோயாளிகளுக்கும் இரைப்பைப் புண் உடையோர்க்கும் கேடு விளைவிக்கக்கூடும். கேபாபென்டின், பிரீகாபாலின் ஆகியவற்றை ஓபியாய்டுடன் சேர்த்தளிக்கையில் மூச்சுத் தளர்ச்சி ஏற்படலாம் என அமெரிக்க உணவு, மருந்து நிருவாகம் 2019இல் எச்சரித்தது.

முடிவுரை

மயக்கத்திலிருப்பவர் தம் வலியைச் சொல்ல இயலாது. அதன் விளைவை விழித்த பின்னரே உணர்கிறார். அவர் அமைதியாகக் கிடப்பது வலியின்மைக்குச் சான்றாகாது. அறுவைக்கு முன்பே நோயாளியின் வயது, உடல்நிலை, உட்கொள்ளும் மருந்துகள் ஆகியவற்றை அறிந்து, வேண்டிய மருந்தைச் சேர்ப்பதும் வேண்டாததை விலக்குவதும் தடுப்பு முறையின் இரு கூறுகளாகும்.