மலைக்குச் சைக்கிளில் போகிறீர்களா? எடைக் கணக்கைக் கொஞ்சம் பாருங்கள்

சேலம் அடிவாரத்திலிருந்து ஏற்காட்டுக்குச் சைக்கிளில் ஏறிவிட வேண்டும் என்று ஆசைப்படுகிறீர்கள். 20 கொண்டை ஊசி வளைவுகள். ஏற்கெனவே ஏறியவர்களைக் கேட்டால் முதலில் கிடைக்கும் யோசனை, “எடையைக் குறைங்க, தானா ஏறிடும்” என்பதுதான். தானாக ஏறாது. எடைக்குப் பங்கு உண்டு. ஆனால் எவ்வளவு பங்கு, அதை எப்போது, எப்படிக் குறைப்பது என்று தெரியாமல் இரவுச் சாப்பாட்டை நிறுத்தினால், இப்போது ஏறக்கூடியதைவிட மெதுவாகத்தான் ஏறுவீர்கள்.

சமதளத்தில் உறுத்தாத எடை மலையில் மட்டும் ஏன் உறுத்துகிறது? சமதளத்தில் உங்களை மறிப்பது பெரும்பாலும் காற்று. வேகம் கூடினால் அதன் எதிர்ப்பும் மளமளவென்று கூடும். மலையில் மணிக்கு 12, 13 கிலோமீட்டர் வேகத்தில் போகும்போது காற்று ஒரு பொருட்டே அல்ல. அங்கே உங்கள் உழைப்பில் ஏறக்குறைய 85 விழுக்காடு, உடம்பையும் சைக்கிளையும் மேலே தூக்குவதற்கே செலவாகிறது.

அப்படியானால் ஒரு கிலோ குறைந்தால் எவ்வளவு நேரம் மிச்சம்? ஒரு கணக்குப் போடுவோம். நீங்கள் 70 கிலோ. சைக்கிள், தண்ணீர், உடை, காலணி எல்லாம் சேர்த்து 10 கிலோ. மொத்தம் 80. இதை 1,000 மீட்டர் உயரத்துக்கு ஒன்றரை மணி நேரத்தில் ஏற்றுகிறீர்கள் என்றால், உங்கள் கால்கள் சராசரியாக 170 வாட் (ஒவ்வொரு நொடியும் கால்கள் தரும் உழைப்பின் அளவு) தந்துகொண்டிருக்கின்றன. இப்போது ஒரு கிலோ குறைத்துவிட்டு அதே 170 வாட்டில் ஏறினால் சுமார் ஒரு நிமிடம் மிச்சமாகும்.

அவ்வளவுதானா? அவ்வளவுதான். எடையைத் தொடாமல் 10 வாட் கூட்டினால் என்ன ஆகும் என்று பாருங்கள்: ஏறக்குறைய ஐந்து நிமிடம் மிச்சம். ஒழுங்கான பயிற்சி இல்லாமல் ஓட்டிக்கொண்டிருந்தவருக்கு இரண்டு, மூன்று மாதப் பயிற்சியில் 10 வாட் கூடுவது எட்டக்கூடிய இலக்குதான்.

கணக்கைத் திருப்பியும் போட்டுப் பார்க்கலாம். பட்டினி கிடந்து மூன்று கிலோ குறைக்கிறீர்கள். அதில் தசையும் கரைந்து 15 வாட் போய்விடுகிறது. எடையால் மூன்று நிமிடம் லாபம், வலு குறைந்ததால் எட்டு நிமிடம் நட்டம். தராசு முள் இறங்கியிருக்கும், கடிகாரம் கூடுதலாகக் காட்டும். பொழுதுபோக்குக்காக மலையேறுபவர்களில் பலர் சறுக்குவது இந்த இடத்தில்தான்.

சைக்கிள்காரர்கள் பேச்சில் ‘வாட் பர் கிலோ’ (வாட்டை உடல் எடையால் வகுத்த எண்) என்று அடிக்கடி அடிபடும். மேலே சொன்ன 70 கிலோக்காரருக்கு அது 2.4. டூர் த பிரான்ஸ் சைக்கிள் பந்தயத்தில் முன்வரிசையில் மலையேறுபவர்களுக்கு 6-ஐ ஒட்டி வரும். அந்த எண்ணோடு உங்களை ஒப்பிட்டுக்கொள்ள வேண்டாம். இரண்டு மாதத்துக்கு முந்தைய உங்கள் எண்ணோடு ஒப்பிடுங்கள், போதும்.

வாட் அளக்கும் கருவி (பவர் மீட்டர்) விலை அதிகமாயிற்றே, அது இல்லாமல் எப்படித் தெரிந்துகொள்வது? மலையே ஒரு கருவிதான். மொத்த எடையை 9.8-ஆல் பெருக்குங்கள். ஏறிய உயரத்தால் (மீட்டரில்) பெருக்குங்கள். ஏற ஆன நொடிகளால் வகுங்கள். வரும் விடையோடு ஆறில் ஒரு பங்கைச் சேர்த்தால் உங்கள் வாட் சுமாராகக் கிடைத்துவிடும். ஒரே மலையில், ஒரே சைக்கிளில் மாதம் ஒருமுறை இப்படிப் பார்த்தால் முன்னேற்றம் தெரியும்.

ஆக, முதலில் வலு, பிறகு எடை. பயிற்சியை எங்கிருந்து தொடங்குவது? வாரத்துக்கு மூன்று அல்லது நான்கு நாள் ஓட்டினால் போதும். அதில் ஒரு நாள் நீளமாக, நிதானமாக இரண்டரை மணி நேரம் ஓட்டுங்கள். பக்கத்தில் வருபவரோடு முழு வாக்கியமாகப் பேச முடிகிற வேகம்தான் நிதானம். இது பலருக்குச் சலிப்பாக இருக்கும். ‘இதெல்லாம் ஒரு பயிற்சியா’ என்று தோன்றும். ஆனால் நெடுநேரம் தாக்குப்பிடிக்கும் திறன் இதில்தான் வளர்கிறது.

இன்னொரு நாள் கடுமையாக. பத்து நிமிடம் உடம்பைச் சூடாக்கிவிட்டு, 12 நிமிடம் அழுத்தி ஓட்டுங்கள். மூன்று நான்கு சொல்லுக்கு மேல் சேர்ந்தாற்போல் பேச வராத அளவு அழுத்தம். ஆனால் ஐந்தாவது நிமிடத்திலேயே முடிந்துபோகிற பாய்ச்சல் அல்ல. ஐந்து நிமிடம் மெதுவாக ஓட்டி மூச்சு வாங்கிக்கொண்டு மறுபடி 12 நிமிடம். முடிந்தால் மூன்றாவது தடவை. மலையில் தேவைப்படுவது இந்த அழுத்தமே. மீதி நாட்களில் ஒரு மணி நேரம் சுலபமாக ஓட்டினால் சரி. தினமும் அழுத்துகிறவர்களைவிட, ஒன்றிரண்டு நாள் ஒழுங்காக அழுத்திவிட்டு மற்ற நாளில் கால்களை விட்டுவைப்பவர்களே பொதுவாகத் தேறுகிறார்கள்.

சென்னையில் இருக்கிறேன், மலைக்கு எங்கே போவது? மேம்பாலம் ஒரு நிமிடத்தில் முடிந்துவிடும், பெரிதாகப் பயனில்லை. கிழக்குக் கடற்கரைச் சாலையின் எதிர்க்காற்று அதைவிட நல்ல ஆசான். காற்றை எதிர்த்து, கொஞ்சம் கனமான கியரில், உட்கார்ந்தபடியே 12 நிமிடம் அழுத்துங்கள். நிமிடத்துக்கு 60 சுற்று மிதித்துப் பழகினால் மலையில் கால் திகைக்காது. முழங்கால் வலித்தால் கியரை இலகுவாக்குங்கள். இருக்கை தாழ்வாக இருக்கிறதா என்றும் பாருங்கள்.

இப்போது எடை. முதலில் உங்களுக்குக் குறைக்க ஏதாவது இருக்கிறதா என்று பாருங்கள். இடுப்பைச் சுற்றிச் சதை இல்லாத, ஏற்கெனவே ஒல்லியான ஆளாக இருந்தால் இந்தப் பகுதி உங்களுக்கில்லை. பதினெட்டு வயதுக்கு உட்பட்டவர்கள், கருவுற்றவர்கள், சாப்பாட்டோடு மனப் போராட்டம் இருந்தவர்கள் மலைக்காக எடை குறைக்கவே வேண்டாம். சர்க்கரைக்கு மாத்திரையோ இன்சுலினோ எடுப்பவர்கள் மருத்துவரைக் கேட்காமல் சாப்பாட்டைக் குறைத்துக்கொண்டு மலையேறினால் இரத்தச் சர்க்கரை திடீரென்று இறங்கி மயக்கம் வரலாம். நடுவழியில், வளைவில், அது விளையாட்டல்ல.

குறைக்க வேண்டியவர்கள் எவ்வளவு வேகமாகக் குறைக்கலாம்? வாரத்துக்கு 300 முதல் 400 கிராம். ஒரு கிலோ கொழுப்பில் சுமார் 7,700 கலோரி இருக்கிறது. தினமும் 400 கலோரி குறைவாகச் சாப்பிட்டால் வாரத்துக்கு 350 கிராம்போல இறங்கும். மூன்று கிலோவுக்கு இரண்டு மாதம்போல ஆகும். பொறுமை வேண்டும்.

400 கலோரியை எங்கே வெட்டுவது? பெரும்பாலான வீடுகளில் தட்டில் கை வைக்கவே தேவையிருக்காது. சர்க்கரை போட்ட இரண்டு மூன்று காபி, டீ, மாலை வடை பஜ்ஜி, இரவு டி.வி. முன்னால் மிக்சர்: இவற்றைக் கணக்கெடுத்தாலே பாதிக்குமேல் வந்துவிடும். மீதிக்கு, ஓட்டாத நாளின் இரவில் ஒரு தோசை குறையட்டும்.

சோற்றை அடியோடு நிறுத்தலாமா? வேண்டாம். சோறும் இட்லியும் மாவுச்சத்து. அதுதான் கிளைக்கோஜன் (தசையும் கல்லீரலும் சேமித்து வைக்கும் சர்க்கரை) ஆகிறது. மலையில் அழுத்தி மிதிக்கும்போது எரிவது முக்கியமாக அதுவே. சோற்றை நிறுத்தியவர் நிதானமாக ஓட்டும்போது நன்றாகத்தான் இருப்பார். செங்குத்தில் அழுத்தும்போது கால் வெறுமையாகிவிடும். அதனால் கடுமையான பயிற்சி நாளில் சோற்றைக் குறைக்காதீர்கள். ஓய்வு நாளில் குறையுங்கள்.

ஆனால் சோற்றை நிறுத்திய மூன்றே நாளில் ஒன்றரை கிலோ குறைந்ததே? குறைந்தது கொழுப்பு அல்ல. ஒவ்வொரு கிராம் கிளைக்கோஜனும் தன்னோடு மூன்று கிராம்போல நீரைப் பிடித்து வைத்திருக்கும். அது தீர்ந்தால் நீரும் போகும், தராசு இறங்கும். பிரியாணி சாப்பிட்ட மறுநாள் ஒரு கிலோ ஏறுவதும் பெரும்பாலும் உப்பும் நீருமே. ஒருநாள் எண்ணைப் பார்த்துத் துள்ளவும் வேண்டாம், துவளவும் வேண்டாம். காலையில் கழிப்பறை போய்வந்தபின், எதுவும் சாப்பிடுமுன் தராசில் ஏறி நில்லுங்கள். ஏழு நாள் சராசரியை முந்தைய வாரச் சராசரியோடு ஒப்பிடுங்கள். இடுப்பை அளக்கும் டேப் தராசைவிட நேர்மையானது என்பது என் கட்சி.

எடை குறையும்போது தசை கரையாமல் காப்பது புரதம். ஒரு கிலோ உடல் எடைக்கு 1.6 கிராம் என்பது நல்ல இலக்கு. 70 கிலோவுக்கு 110 கிராம்போல. நம் சாப்பாட்டில் இதுதான் தடுமாறும் இடம். மூன்று இட்லியும் சட்னியும் வயிற்றை நிரப்பும், புரதம் சொற்பம். ஒரு முட்டையில் 6 கிராம், சமைத்த கோழி 100 கிராமில் 27-க்கு மேல், ஒரு கோப்பை கொண்டைக்கடலைச் சுண்டலில் 14, 100 கிராம் பன்னீரில் 18, உலர்ந்த சோயா உருண்டை 50 கிராமில் 25. சைவம் என்றால் சாம்பாரில் மிதக்கும் பருப்பை நம்பாதீர்கள். கெட்டிப் பருப்பு, சுண்டல், தயிர், சோயா என்று ஒவ்வொரு வேளையும் ஏதாவது ஒன்று தட்டில் இருக்கட்டும். சிறுநீரகக் கோளாறு உள்ளவர்கள் மட்டும் புரதத்தைக் கூட்டுமுன் மருத்துவரிடம் கேட்டுக்கொள்ளுங்கள்.

அளவுக்கு மீறிக் குறைக்கிறோம் என்று எப்படித் தெரியும்? உடம்பு சொல்லும். தூக்கம் கெடும், எரிச்சல் வரும், சளி அடிக்கடி பிடிக்கும், போன வாரம் சுலபமாக இருந்த ஓட்டம் இந்த வாரம் மலையாகத் தெரியும். பெண்களுக்கு மாதவிடாய் தள்ளிப்போகும் அல்லது நின்றுபோகும். அதை ‘உடற்பயிற்சி செய்தால் அப்படித்தான்’ என்று விட்டுவிடாதீர்கள். செலவழிக்கும் அளவுக்கு உடம்புக்குச் சாப்பாடு போகவில்லை என்பதன் அடையாளம் அது. நீடித்தால் எலும்பு வலுவிழக்கும். ஆண்களுக்கும் இந்தப் பற்றாக்குறை வரும், வெளியே தெரிவதுதான் குறைவு. இவற்றில் இரண்டு மூன்று சேர்ந்து தெரிந்தால் குறைப்பதை நிறுத்திவிட்டு வயிறாரச் சாப்பிடுங்கள். மாதவிடாய் மூன்று மாதம் வரவில்லையென்றால் மருத்துவரைப் பாருங்கள்.

உடம்புக்குப் பதில் சைக்கிளின் எடையைக் குறைத்தால்? இயற்பியலுக்கு இரண்டும் ஒன்றுதான். ஒரு கிலோ குறைந்த சைக்கிளுக்கு ஐம்பதாயிரம், லட்சம் என்று கூடுதலாகக் கொடுத்துவிட்டு, இரண்டு பெரிய பாட்டில் நிறையத் தண்ணீரோடு ஒன்றரைக் கிலோவைச் சுமந்து ஏறுகிறவர்களை நினைத்தால் சிரிப்புத்தான் வருகிறது. வழியில் நிரப்பிக்கொள்ள இடம் இருந்தால் ஒரு பாட்டில் போதும். காசு செலவழிப்பதாக இருந்தால் பின்சக்கரப் பல்வட்டத்துக்குச் செலவழியுங்கள். பத்து விழுக்காடு சரிவில் (100 மீட்டருக்கு 10 மீட்டர் ஏற்றம்) 170 வாட்டில் மணிக்கு 7 கிலோமீட்டர்தான் நகர்வீர்கள். முன்னால் 34 பல், பின்னால் 28 பல் என்றால் நிமிடத்துக்கு 46 சுற்றுதான் மிதிக்க முடியும்; முழங்கால் கெஞ்சும். பின்னால் 34 இருந்தால் 56 சுற்று வரும். 36 வளைவுகளோடு ஊட்டிக்கு ஏறும் கல்லட்டிப் பாதை போன்ற செங்குத்துக்கு இந்த வித்தியாசம் உயிர் கொடுக்கும்.

ஏறும் வாரத்தில் என்ன செய்வது? எடை குறைப்பை முழுதாக நிறுத்துங்கள். ஓட்டும் நேரத்தைப் பாதியாக்குங்கள். முந்தின இரவு சோறு, ரசம், கொஞ்சம் பருப்பு என்று எண்ணெய் இல்லாமல் சாப்பிடுங்கள். காலையில் கிளம்புவதற்கு இரண்டு மணி நேரம் முன்னால் நான்கு இட்லி, ஒரு வாழைப்பழம். நெய்ப் பொங்கல் வேண்டாம். அது மூன்றாவது வளைவில் மேலே வரும். ஏறும்போது மணிக்கு 30 முதல் 60 கிராம் மாவுச்சத்து தேவை: வாழைப்பழம் ஒன்றில் 25 கிராம்போல இருக்கும், பேரீச்சை இன்னும் வசதி. தண்ணீர் மணிக்கு அரை லிட்டருக்குக் குறையாமல், ஒரு சிட்டிகை உப்போடு.

முதல் பத்து நிமிடம் மற்றவர்கள் உங்களைத் தாண்டிப் போகட்டும். மூச்சு இரைக்கிற அளவுக்கு ஆரம்பத்திலேயே போனால் மீதிப் பாதை முழுக்க அதற்கு வட்டி கட்ட வேண்டும். வளைவுகளில் ஒன்றைக் கவனியுங்கள்: வளைவின் உள்பக்கம் எப்போதும் வெளிப்பக்கத்தைவிடச் செங்குத்து. நாம் சாலையின் இடப்பக்கம் போவதால், இடதுகை வளைவில் அந்தச் செங்குத்து உங்கள் பங்கு. முன்கூட்டியே கியரை இறக்குங்கள். அதைத் தவிர்க்க வலப்பக்கம் போகாதீர்கள், இறங்கும் பஸ் அகலம் எடுத்துத் திரும்பும். நெஞ்சில் இறுக்கமோ வலியோ, இடக்கைக்கோ தாடைக்கோ பரவும் வேதனையோ வந்தால் உடனே இறங்கி உட்கார்ந்து உதவி கேளுங்கள். நாற்பதைத் தாண்டியவர்கள், குடும்பத்தில் இதய நோய் இருப்பவர்கள் பயிற்சி தொடங்கும் முன்பே ஒருமுறை பரிசோதித்துக்கொள்வது நல்லது.

மேலே போய்ச் சேர்ந்ததும் சாப்பிடலாமா? தாராளமாக. ஏறியதற்கு உடம்பு 900 கலோரிபோலச் செலவழித்திருக்கும். இரண்டு முட்டை தோசையும் ஒரு டீயும் நியாயமானவை. பரோட்டாவும் சால்னாவும் மூன்று நான்கு என்று போனால் செலவழித்ததைவிட வரவு கூடிவிடும். வியர்வையில் நனைந்த உடம்போடு இறங்கினால் குளிர் விறைக்க வைக்கும், பையில் மெல்லிய ஜாக்கெட் ஒன்று இருக்கட்டும். இறங்கும்போது பிரேக்கை விடாமல் பிடித்துக்கொண்டே வராதீர்கள், சூடேறிப் பிடி தளரும். வளைவுக்கு முன் நன்றாகப் பிடித்து வேகத்தைக் குறைத்துவிட்டு, பிறகு விட்டுவிடுங்கள்.