நோயாளியிடம் இல்லாத கிருமி

ஒரே கிருமி சில நாள் இடைவெளியில் பல நோயாளிகளின் சோதனை முடிவுகளில் தென்பட்டால், மருத்துவமனைக்குள் தொற்று பரவுகிறது என்றே முதலில் கருதப்படும். ஆனால் அது நோயாளியின் உடலிலிருந்து வராமல், மாதிரி எடுத்த குழாயிலிருந்தோ ஆய்வகத்தின் கரைசலிலிருந்தோ வந்திருந்தால், அதனைப் போலித் தொற்றுப் பரவல் என்பர். அமெரிக்க நோய்க் கட்டுப்பாட்டு மையம் 1956 முதல் 1975 வரை ஆராய்ந்த 181 மருத்துவமனைத் தொற்றுப் பரவல்களில் 20 போலியானவை என்று தெரியவந்தது.

இரத்தத்தில் கிருமி உண்டா என்று அறிய, அதனை ஊட்டக் கரைசல் கொண்ட கல்ச்சர் புட்டியில் இட்டு வளர்த்துப் பார்க்கின்றனர். புட்டி கிருமி நீக்கப்பட்டதாக இருந்தும், பிற சோதனைகளுக்கான குழாய்கள் அவ்வாறு இல்லாத காலத்தில், அக்குழாயை முதலில் நிரப்பிவிட்டு அதே ஊசியால் புட்டியையும் நிரப்பியபோது, ஈரத்தில் செழிக்கும் செராஷியா போன்ற பாக்டீரியா புட்டிக்குள் புகுந்துவிட்டது. கல்ச்சர் புட்டியையே முதலில் நிரப்ப வேண்டும் என்ற இன்றைய விதிக்கு இதுவும் ஒரு காரணம்.

காசநோய்ச் சோதனையில் இப்பிழை எளிதில் பிடிபடுவதில்லை. அக்கிருமி வளரப் பல வாரங்கள் ஆகும்; சளி மாதிரிகளோ தொகுதி தொகுதியாகப் பதப்படுத்தப்படுகின்றன; கிருமி மிகுந்த ஒரு மாதிரியின் நுண்துளி, பொதுக் கரைசல் வழியாக அடுத்த குழாயை எட்டினாலே போதும். ஒருவர் கொடுத்த பல மாதிரிகளில் ஒன்றில் மட்டும், அதுவும் சொற்பமாக, கிருமி வளர்ந்து, அதே நாளில் கையாளப்பட்ட வேறொருவரின் மாதிரியில் அது மிகுந்திருந்தால் ஐயம் எழ வேண்டும். இரண்டு கிருமிகளின் மரபணு அமைப்பையும் ஒப்பிடும் முறை 1990களில் பரவலான பிறகே இத்தகைய கலப்படங்கள் பல வெளிப்பட்டன. பிழை தெரியவருவதற்குள் அந்நோயாளி, கல்லீரலைப் பாதிக்கக்கூடிய மருந்துகளை மாதக்கணக்கில் விழுங்கியிருக்கலாம். அவருடைய இருமலின் உண்மையான காரணம் தேடப்படாமலே போயிருக்கலாம். தவறவிட்ட நோய்க்கு அஞ்சும் அளவுக்கு, இல்லாத நோய்க்கு மருத்துவ உலகம் அஞ்சுவதில்லை என்பதே உண்மை.

மரபணுத் துணுக்கைப் பன்மடங்காகப் பெருக்கிக் காட்டும் பி.சி.ஆர். சோதனை, விரைவானது என்றாலும், உயிருள்ள கிருமியையும் இறந்த கிருமியின் எச்சத்தையும் வேறுபடுத்தாது. கக்குவான் இருமலுக்கான சில தடுப்பூசிகளில் எஞ்சியிருக்கும் கிருமியின் மரபணு, ஊசி போடும் அறையின் மேசையிலும் கையுறையிலும் படிந்து, அங்கேயே எடுக்கப்பட்ட மாதிரிகளைத் தொற்றுள்ளவையாகக் காட்டிய நிகழ்வுகள் உண்டு.

உடல்நிலைக்குச் சற்றும் பொருந்தாத முடிவு வந்தால், புதிய மாதிரியில் மறுசோதனை தேவையா என்று மருத்துவரிடம் தயங்காமல் கேளுங்கள்; ஆனால் அவர் சொல்லாமல் மருந்தை நிறுத்திவிடாதீர்கள்.