ஏவன் ஆற்றங்கரையில் இரு வீடுகள்

இலண்டனின் மேரில்போன் நிலையத்தில் காலையில் தொடர்வண்டி ஏறினால் நண்பகலுக்கு முன்னரே ஸ்ட்ராட்போர்டு நகரை அடையலாம். இருப்புப்பாதை அவ்வூரோடு முடிவடைகிறது. நிலையத்திலிருந்து ஆற்றங்கரைக்கு நடந்தே செல்லலாம். ஊர் அத்துணைச் சிறியது. சூன் மாதத்தில் இரவு ஒன்பது மணிக்கும் வானில் வெளிச்சம் இருக்கும் என்பதால், இரண்டு நாள் கோடை விடுமுறையிலேயே அதனை நிறைவாகக் கண்டுவிடலாம்.

உரோமானியர் காலச் சாலையொன்று ஆழமற்ற துறையில் ஆற்றைக் கடந்த இடம் இது. சாலை, துறை என்னும் பொருளுடைய இரு பழஞ்சொற்கள் சேர்ந்தே ஊர்ப்பெயராயின. ஏவன் என்னும் சொல்லுக்குப் பழைய கெல்டிக் மொழியில் ‘ஆறு’ என்றே பொருள். ‘ஏவன் ஆறு’ என்போர் தம்மை அறியாமலே ‘ஆறு ஆறு’ என்கின்றனர்!

இவ்வூரிலிருந்து இலண்டன் சென்று பெருவணிகராகி, அந்நகரத் தலைவராகவும் உயர்ந்தவர் ஹியூ கிளாப்டன். பதினைந்தாம் நூற்றாண்டின் இறுதியில் அவர் கட்டுவித்த பதினான்கு வளைவுகள் கொண்ட கற்பாலத்தின்மீது இன்றும் ஊர்திகள் செல்கின்றன. ஆனால், அவர் தமக்கெனக் கட்டிய ‘நியூ பிளேஸ்’ என்னும் வீடு இன்று இல்லை. 1597இல் அதனை விலைக்கு வாங்கியவர் வில்லியம் ஷேக்ஸ்பியர்.

பிற்காலத்தில் அவ்வீடு பிரான்சிஸ் காஸ்ட்ரெல் என்னும் சமயகுருவின் உடைமையாயிற்று. ஷேக்ஸ்பியர் நட்டதாகக் கூறப்பட்ட மல்பெரி மரத்தைக் காண வந்தோரின் தொல்லை தாளாமல், முதலில் அம்மரத்தை வெட்டினார். ஆண்டில் சில மாதங்களே தங்கும் வீட்டிற்கு முழுவரி கேட்கப்பட்டதும் சினங்கொண்டு, 1759இல் வீட்டையே இடித்துத் தள்ளினார். பழி முழுவதையும் அவர்மீது சுமத்துவது முறையன்று. கிளாப்டன் வழியினரே 1702இல் பழைய வீட்டை நீக்கிப் புதிதாகக் கட்டியிருந்தனர். கவிஞர் வாழ்ந்த சுவர்கள் அப்போதே மறைந்துவிட்டன. இன்று அங்கே இருப்பது தோட்டமே.

ஹென்லி தெருவில் கவிஞர் பிறந்த வீட்டின் கதை வேறு. அதன் ஒரு பகுதி விடுதியாகவும் மறுபகுதி இறைச்சிக் கடையாகவும் இருந்து நலிந்தது. 1847இல் அது ஏலத்திற்கு வந்தது. வீட்டைப் பெயர்த்து அமெரிக்காவிற்குக் கொண்டுசெல்லக் காட்சிச்சாலை வணிகர் பர்னம் எண்ணியுள்ளார் என்ற செய்தி மக்களைத் தூண்டியது. நன்கொடை திரட்டப்பட்டு, 3000 பவுண்டுக்கு வீடு பொதுவுடைமையாயிற்று. மரச்சட்டங்களாலான அவ்வெளிய வீட்டைக் காணவே இன்று உலகெங்குமிருந்து பயணிகள் வருகின்றனர். அதன் தோட்டத்தில் இரவீந்திரநாத் தாகூரின் மார்பளவுச் சிலையும் உண்டு.

மாலையில் ஆற்றோர அரங்கில் நாடகம் காணலாம். 1926இல் தீக்கிரையான பழைய அரங்கிற்கு மாற்றாக, எலிசபெத் ஸ்காட் என்னும் பெண் கட்டடக் கலைஞரின் வடிவமைப்பில் 1932இல் எழுந்தது அது. அரங்கிலிருந்து கரையோரமாகத் தெற்கே நடந்தால் திரித்துவத் தேவாலயம் வரும். 1616இல் மறைந்த கவிஞர் அங்கே அடக்கம் செய்யப்பட்டுள்ளார். தம் எலும்புகளை அசைப்போரைச் சபிக்கும் வரிகள் கல்லறைமீது பொறிக்கப்பட்டுள்ளன. கல்லில் அவர் பெயர் இல்லை.