எண்ணெய்க் கப்பல்கள்

பழைய வீடுகள் சிலவற்றின் பரண்மேல் துருவேறிய சதுரத் தகர டின் ஒன்று இன்றும் கிடக்கக் காணலாம். அது மண்ணெண்ணெய் வந்த டின். எண்ணெய் தீர்ந்த பின்னர் அதனை வீசியெறிந்தவர் எவருமிலர். மேற்புறத்தை வெட்டிக் குறுக்கே ஒரு கட்டை அடித்தால் நீர் மொள்ளும் வாளியாகும். மூடி பொருத்தினால் அரிசி வைக்கும் கலமாகும். பிரித்துத் தட்டினால் கூரையின் ஓட்டையை அடைக்கும் தகடாகும். நான் சிறுவனாயிருந்த காலத்தில், தோளிலே கழியொன்றை இட்டு அதன் இரு முனையிலும் இவ்வகை டின்களைத் தொங்கவிட்டுத் தேநீர்க் கடைகளுக்குத் தண்ணீர் சுமந்தவர்களைக் கண்டிருக்கிறேன். இவ்வெளிய டின்னுக்கும், இன்று ஒரே தடவையில் 3 இலட்சம் டன் எண்ணெயைச் சுமந்து செல்லும் மாபெருங் கப்பலுக்கும் தொடர்பு உண்டு. அதனை முதலில் கூறுகின்றேன்.

கல்லெண்ணெய் கிடைக்கும் இடம் ஒன்று. அது வேண்டப்படும் இடம் வேறொன்று. இரண்டுக்கும் இடையே பெரும்பாலும் கடல் கிடக்கின்றது. 1859ஆம் ஆண்டில் அமெரிக்காவின் பென்சில்வேனியாவில் டிரேக் என்பார் துளையிட்டு எண்ணெய் கண்டார். இரண்டே ஆண்டுகள் கழித்து, 1861ஆம் ஆண்டின் இறுதியில், ‘எலிசபெத் வாட்ஸ்’ என்னும் பாய்மரக் கப்பல் எண்ணெய்ப் பீப்பாய்களை ஏற்றிக்கொண்டு பிலடெல்பியாவினின்று இலண்டனுக்குப் புறப்பட்டது. எந்நேரமும் தீப்பற்றக்கூடிய சரக்கோடு கடல் கடக்க மாலுமிகள் அஞ்சிய காலம் அது.

மரப்பீப்பாய் எண்ணெய்க்கு ஏற்ற கலமன்று. அது கசியும், உருண்டை வடிவினதாதலால் அடுக்குமிடத்து இடைவெளிகள் வீணாகும், நிறைந்த பீப்பாயின் எடையில் ஏறத்தாழ ஐந்தில் ஒரு பங்கு மரத்தின் எடையே. ஆதலின் கீழை நாடுகளுக்கு எண்ணெய் அனுப்பிய அமெரிக்க வணிகர்கள் சதுரத் தகர டின்களில் அடைத்து, இரண்டிரண்டாக மரப்பெட்டியிலிட்டு அனுப்பினர். சிந்துதல் குறைந்தது. ஆனால் டின்னுக்கும் பெட்டிக்கும் ஆன செலவு எண்ணெயின் விலையோடு சேர்ந்தது.

மார்கஸ் சாமுவேல் என்னும் இலண்டன் வணிகர் வேறொரு வழியை எண்ணினார். எண்ணெயைக் கலத்தில் அடைத்துக் கப்பலில் ஏற்றுவானேன்? கப்பலையே கலமாக்கிவிட்டால் என்ன? இவ்வெண்ணம் முற்றிலும் புதியதன்று. காஸ்பியன் கடலில் நோபல் உடன்பிறந்தார் 1878ஆம் ஆண்டிலேயே அத்தகைய கப்பலை ஓட்டினர். 1886ஆம் ஆண்டில் ‘குளுக்காப்’ என்னும் கப்பல் அட்லாண்டிக்குப் பெருங்கடலைக் கடந்தது. ஆயின் சூயஸ் கால்வாய் வழியே எண்ணெய்க் கப்பலைச் செலுத்த இசைவு பெறுதல் அரிது. குறுகிய அக்கால்வாயில் ஒரு கப்பல் தீப்பற்றினால் உலக வாணிகமே நின்றுவிடும் அன்றோ? கால்வாய்க் குழுவினர் விதித்த கடுமையான நெறிகளுக்கு ஏற்பச் சாமுவேல் ‘மியூரெக்ஸ்’ என்னும் கப்பலை இங்கிலாந்தில் கட்டுவித்தார். 1892ஆம் ஆண்டு ஆகஸ்டுத் திங்களில் அது கருங்கடற்கரையிலுள்ள பாத்தூம் துறையில் மண்ணெண்ணெய் நிரப்பிக்கொண்டு, சூயசைக் கடந்து, சிங்கப்பூரும் பாங்காக்கும் சென்றது.

கப்பல் வயிற்றில் எண்ணெயை அப்படியே ஊற்றிச் செல்லுதல் எளிதென்று எண்ணற்க. வெப்பத்தால் எண்ணெய் விரியும், குளிரால் சுருங்கும். விளிம்புவரை நிரப்பினால் வெப்ப நாட்டுக் கடலில் பொங்கி வழியும். குறைத்து நிரப்பினாலோ, அலைமேல் கப்பல் சாயும்போது எண்ணெய் முழுவதும் ஒரு பக்கமாக ஓடி அச்சாய்வை மிகுவித்துக் கப்பலைக் கவிழ்த்துவிடும். தலைமேல் அரைக்குடம் நீர் சுமந்து நடந்தவர் இதனை நன்கு உணர்வர். ஆதலால் வயிற்றைப் பல அறைகளாகத் தடுத்து, ஒவ்வொன்றின் மேலும் எண்ணெய் விரிதற்கு இடம் வைத்தனர். திரும்பி வரும்போது வெறுங் கப்பலாக வருதல் நட்டமன்றோ? நீராவியால் அறைகளைக் கழுவி, அரிசி முதலிய சரக்குகளை ஏற்றித் திரும்பும் வழியையும் சாமுவேல் செய்துவைத்தார்.

இவ்வளவும் எண்ணிய அவர் ஒன்றை எண்ணாது விட்டார். கீழை நாட்டு மக்கள் எண்ணெயை மட்டும் வாங்கவில்லை. டின்னையும் சேர்த்தே வாங்கினர். குழாய் வழியே இறங்கிய எண்ணெய் மலிவாய் இருந்தும் வாங்குவோர் தயங்கினர். பின்னர்த் தகரத் தகடுகளைக் கப்பலில் அனுப்பி, ஆங்காங்கே டின் செய்து, சிவப்பு வண்ணம் பூசி விற்கவே வாணிகம் சூடுபிடித்தது. மக்கள் எப்பொருளை எதற்காக விரும்புகின்றனர் என்பதை இலண்டனில் இருந்துகொண்டே அறிந்துவிட முடியுமா?

மியூரெக்ஸ் சில ஆயிரம் டன் எண்ணெயே சுமந்தது. இன்றைய பெருங்கப்பல் ஏறக்குறைய 330 மீட்டர் நீளமும், 20 இலட்சம் பீப்பாய் கொள்ளும் வயிறும் உடையது. இத்துணைப் பெரிதாயதற்குக் காரணம் ஒரு கணக்கு. ஒரு பெட்டியின் நீளம், அகலம், உயரம் மூன்றையும் இருமடங்காக்கினால், அதன் புறப்பரப்பு நான்கு மடங்காகும். கொள்ளளவோ எட்டு மடங்காகும். கப்பல் கட்டவேண்டிய இரும்பும், நீரைக் கிழித்துச் செல்லும் ஆற்றலும் பெரும்பாலும் புறப்பரப்பைப் பொறுத்தவை. கிடைக்கும் கூலியோ கொள்ளளவைப் பொறுத்தது. மேலும், 3 இலட்சம் டன் சுமக்கும் கப்பலை ஓட்டவும் 25 அல்லது 30 பேரே போதும். ஆதலின் கப்பல் பெருக்கப் பெருக்க ஒரு டன்னுக்குரிய செலவு குறையும். ஒரு டன்னுக்கு எரியும் எரிபொருளும் குறையும். 1967 முதல் 1975 வரை சூயஸ் கால்வாய் மூடப்பட்டிருந்ததும் இவ்வளர்ச்சியைத் தூண்டிற்று. ஆப்பிரிக்காவைச் சுற்றிவர வேண்டுமாயின் சிறு கப்பல் கட்டுப்படியாகாது.

இதுவரை கூறியது கணக்கின் ஒரு பக்கம். மறுபக்கத்தை ஒரு கப்பலின் கதையால் விளக்குவேன்.

‘டோரி கேனியன்’ என்பது அதன் பெயர். அமெரிக்காவில் கட்டப்பட்டு, பின்னர் ஜப்பானில் வெட்டி நீட்டப்பெற்று, ஏறத்தாழ இரு மடங்கு பெரிதாக்கப்பட்டது. உடைமை, பெர்முடாத் தீவில் பதிவான ஒரு நிறுவனத்தினுடையது, கொடி லைபீரிய நாட்டினது, வாடகைக்கு எடுத்தது ஓர் அமெரிக்க நிறுவனம், அந்தப் பயணத்திற்கு மறுவாடகை பேசியது ஒரு பிரித்தானிய நிறுவனம், செலுத்தியவரோ இத்தாலியர். குவைத்தில் ஏற்றிய எண்ணெயுடன், 1967 மார்ச்சு 18ஆம் நாள் காலையில் அது இங்கிலாந்தின் தென்மேற்கு முனையை அணுகிற்று. அன்றிரவு நீரேற்றத்தின்போது மில்போர்டு துறையை அடைதல் வேண்டும். தவறினால் அடுத்த பெருநீரேற்றத்திற்கு ஐந்தாறு நாள்கள் கடலில் காத்திருத்தல் வேண்டும். அவ்வளவு பெரிய கப்பல் நிற்கும் ஒவ்வொரு நாளும் பெரும்பொருள் இழப்பு. ஆதலின் சில்லித் தீவுகளைச் சுற்றிச் செல்லாமல், தீவுகளுக்கும் ‘ஏழு கற்கள்’ என்னும் பாறைத் தொகுதிக்கும் இடைப்பட்ட குறுக்கு வழியைக் கப்பல் தலைவர் மேற்கொண்டார். பாறையில் மோதிற்று கப்பல். 1 இலட்சத்திற்கும் மேற்பட்ட டன் எண்ணெய் கடலில் கலந்தது. அத்தலைவர்மேல் மட்டும் பழி சுமத்துதல் எனக்கு முறையாகத் தோன்றவில்லை. நாளெண்ணிப் பொருள் கணக்கிடும் வாணிகமும் அன்று அவர் பக்கத்தில் நின்று சுக்கானைப் பிடித்திருந்தது.

பிரித்தானிய அரசு என்ன செய்வதென்று அறியாது திகைத்தது. எண்ணெயை எரித்துவிடக் கருதி விமானங்களால் குண்டு வீசினர். கரையை அடைந்த எண்ணெயைக் கரைப்பதற்கு ஏறத்தாழ 10,000 டன் கரைப்பு மருந்து தெளித்தனர். இம்மருந்து எண்ணெயைவிடக் கொடிதாயிற்று. பாறைகளில் ஒட்டி வாழும் நத்தையினங்கள் முற்றும் மடிந்தன. மருந்து படாத கரைகள் சில ஆண்டுகளில் தேறின; மருந்து தெளித்த கரைகள் தேறப் பத்தாண்டுகளுக்கு மேல் ஆயிற்று. கடற்பறவைகள் பல்லாயிரம் இறந்தன. குயர்ன்சித் தீவினர் தம் கரையில் ஒதுங்கிய எண்ணெயை வாரிப் பழைய கற்குழி ஒன்றில் கொட்டினர். அதனைத் தூய்மை செய்யும் வேலை 40 ஆண்டுகள் கடந்த பின்னரும் முடியவில்லை.

இழப்பை யார் ஈடு செய்வது? பழைய கப்பற் சட்டப்படி, விபத்திற்குப் பின் எஞ்சிய உடைமையின் மதிப்பளவே உரிமையாளர் கொடுக்கக் கடமைப்பட்டவர். எஞ்சியது ஓர் உயிர்ப்படகு. அதன் மதிப்பு 50 டாலர். அவ்வளவே தம் பொறுப்பு என்று கப்பல் தரப்பினர் அமெரிக்க நீதிமன்றத்தில் வாதிட்டனர். ஈடு கேட்டு வழக்குத் தொடரவோ, கடலில் மூழ்கிய கப்பலின் உரிமையாளரை எந்த நாட்டில் தேடுவது? அந்நிறுவனத்தின் மற்றொரு கப்பல் சிங்கப்பூர்த் துறைக்கு வரும்வரை பிரித்தானிய அரசு காத்திருந்தது. வந்ததும் அங்கிருந்த வழக்குரைஞர் ஒருவர் அதன்மேல் ஏறி வழக்கோலையை ஒட்டிவிட்டார். இறுதியில் 1969ஆம் ஆண்டில் 30 இலட்சம் பவுன் கொடுக்க இசைந்தனர். அதனைப் பிரித்தானியாவும் பிரான்சும் பகிர்ந்துகொண்டன.

இதன் பயனாக 1969ஆம் ஆண்டில் நாடுகள் கூடி, எண்ணெய் சிந்திய கப்பலின் உரிமையாளரே, தம்மேல் பிழை உண்டோ இல்லையோ, ஈடு தருதல் வேண்டுமென்றும், அதற்குக் காப்பீடு செய்திருத்தல் வேண்டுமென்றும் உடன்படிக்கை செய்தன. 1971ஆம் ஆண்டின் உடன்படிக்கை, எண்ணெயைப் பெறுவோரும் ஒரு பொதுநிதிக்குப் பொருள் செலுத்த வழி செய்தது. முன்பு கடலும் மீனவரும் சுமந்த செலவின் ஒரு பகுதி, இவ்வாறு எண்ணெயின் விலைக்குள்ளேயே புகுந்தது.

எனினும் எல்லா இழப்பும் பணத்தால் ஈடாவதில்லை. 1989 மார்ச்சு 24ஆம் நாள் அலாஸ்காவில் ‘எக்சான் வால்டெஸ்’ கப்பல் பாறையில் மோதி ஏறத்தாழ 37,000 டன் எண்ணெயைச் சிந்திற்று. 1993ஆம் ஆண்டில் அவ்வளைகுடாவின் ஹெர்ரிங் மீன்வளம் வீழ்ச்சியுற்றது. காரணம் எண்ணெயா, நோயா என்பதில் அறிஞர் கருத்து வேறுபடுகின்றனர்; வலையை மடித்து வைத்த மீனவர்க்கு அவ்வேறுபாட்டால் ஆவதென்ன? 1994ஆம் ஆண்டில் நடுவர் குழு விதித்த 500 கோடி டாலர் தண்டத்தொகை, மேல்முறையீடுகளின் முடிவில் 2008ஆம் ஆண்டில் ஏறத்தாழ 51 கோடியாகக் குறைந்தது. அதற்குள் வழக்காடியோருள் பலர் இறந்துவிட்டனர்.

அவ்விபத்திற்குப் பின்னர் எண்ணெய்க் கப்பல்களுக்கு இரட்டைச் சுவர் கட்டாயமாயிற்று. பெருங்கப்பலில் இரு சுவர்க்கும் இடையே ஏறத்தாழ 2 மீட்டர் இடைவெளி இருக்கும். எண்ணெய் இறக்கிய பின் கப்பல் நிலைத்து மிதக்கக் கடல்நீரை அவ்விடைவெளியில் நிரப்புவர். முற்காலத்தில் எண்ணெய் இருந்த அறையிலேயே நீரை நிரப்பி, பின்னர் அழுக்கு நீரைக் கடலில் விடுவர். கடற்கரை மணலில் நடப்போர் காலில் ஒட்டிய தார்க் கட்டிகள் பல அவ்வாறு வந்தவையே. விபத்துகளே செய்தித்தாளில் வரும். கழுவிவிட்ட நீரைப் பற்றி எவர் எழுதுவார்? சட்டங்களாலும் கப்பற் கட்டுமானத்தாலும் நன்மை விளைந்தது உண்மை. 7 டன்னுக்கு மேல் எண்ணெய் சிந்திய நிகழ்ச்சிகள் 1970 முதலிய பத்தாண்டுகளில் ஆண்டுக்கு 79 அளவில் நேர்ந்தன. 2010 முதலிய பத்தாண்டுகளில் 6 அளவில் நேர்ந்தன.

ஆயினும் உப்புக்காற்று இரும்பைத் தின்பதை எச்சட்டமும் தடுப்பதில்லை. கப்பலுக்கு முதுமை உண்டு. 2024 டிசம்பர் 15ஆம் நாள் கெர்ச்சு நீரிணையில் புயலில் சிக்கி உடைந்த இரண்டு உருசிய எண்ணெய்க் கப்பல்களும் 50 ஆண்டுகளைக் கடந்தவை. பழங்கப்பலை உடைக்கும் துறைக்கு அனுப்பாமல் மேலும் சில ஆண்டுகள் ஓட்டுதல் உரிமையாளர்க்கு ஊதியம். கரையோர மக்களுக்கு அச்சம்.

கப்பல் சுமக்கும் எண்ணெய் ஒருபுறமிருக்க, கப்பலே எரிக்கும் எண்ணெயும் உண்டு. அது தார் போன்ற கழிவெண்ணெய். அதிலுள்ள கந்தகம் 3.5 விழுக்காடு வரை இருக்கலாம் என்றிருந்ததை, 2020 சனவரி முதல் 0.5 விழுக்காடாகக் குறைத்தனர். உலகில் மனிதர் வெளியிடும் வெப்பங்காக்கும் வளிகளில் ஏறத்தாழ 3 விழுக்காடு எல்லா வகைக் கப்பல்களாலும் வருவது. சரக்கை ஒரு டன் ஒரு கிலோமீட்டர் கொண்டுசெல்வதில் கப்பலைப் போலச் சிக்கனமானது லாரியுமன்று, விமானமுமன்று. ஆயின் கப்பல்கள் பல, பயணமும் நெடிது. விரைவைக் குறைப்பது ஒரு வழி. விரைவில் பத்தில் ஒரு பங்கு குறைத்தால் பொறியின் ஆற்றல் ஏறத்தாழ கால்பங்கு குறைவாகத் தேவைப்படும். பயணம் சற்று நீளினும், மொத்தத்தில் ஐந்தில் ஒரு பங்கு எரிபொருள் மிஞ்சும். டோரி கேனியனின் தலைவர்க்கு இக்கணக்கை எவரேனும் சொல்லியிருப்பின் நன்றாயிருந்திருக்கும்.

மற்றொரு வழி காற்று. 1920களில் பிளெட்னர் என்னும் செருமானியப் பொறியாளர், கப்பற் தளத்தில் உயர்ந்த உருளைகளை நிறுத்திச் சுழலவிட்டால், பக்கவாட்டில் வீசும் காற்று கப்பலை முன்னோக்கித் தள்ளும் என்று காட்டினார். அந்நாளில் எண்ணெய் மலிவாயிருந்தமையால் அதனைப் போற்றுவார் இலர். 2018ஆம் ஆண்டில் ‘மெர்ஸ்க் பெலிகன்’ என்னும் எண்ணெய்க் கப்பலில் 30 மீட்டர் உயரமுள்ள இரண்டு உருளைகளைப் பொருத்தி ஓராண்டு ஓட்டிப் பார்த்தனர். எரிபொருளில் 8.2 விழுக்காடு மிஞ்சிற்று. பாய்மரத்தில் தொடங்கிய எண்ணெய் வாணிகம், 157 ஆண்டுகள் கழித்து மீண்டும் காற்றின் உதவியை நாடிச் சென்றிருக்கின்றது.