கண்ணோட்டமும் ஒற்றாடலும்

சென்ற வைகாசித் திங்களில் ஒரு சனிக்கிழமை மாலை. நிலாவெளிக் கடற்கரையோரம் பாசறை அமைத்திருந்த சாரண மாணவரிடையே சில வார்த்தை பேசுமாறு அவர்தம் சாரண ஆசிரியர் என்னை அழைத்திருந்தார். புதிதாகச் சேர்ந்த சிறுவர்க்கு மறுநாட் காலை சின்னஞ்சூட்டு விழா. கயிற்றில் முடிச்சிடவோ, கடற்காற்றுக்கு அணையாமல் அடுப்பு மூட்டவோ அறியாத தமிழ்ப் பண்டிதனாகிய நான் அவர்களுக்கு எதைச் சொல்வது என்ற தயக்கத்தோடுதான் சென்றேன். அத்தயக்கத்தைத் தீர்த்து வைத்தவன் ஒரு சிறுவன்.

"ஐயா, சாரணர் எண்டால் என்ன கருத்து?" என்று அவன் கேட்டான்.

சொல்லைப் பற்றிய வினா எழுந்தபின் பண்டிதனுக்குத் துணிவு பிறவாதிருக்குமோ? அன்று அவனுக்கு நான் சொன்னதையும், அதன்பின் அக்கரையிலே அவனிடமிருந்து நான் கற்றதையும் ஈண்டு எழுதுகின்றேன்.

சாரணர் என்பது வடமொழியினின்றும் வந்து தமிழில் வழங்கும் சொல். அதன் அடிப்பொருள் இயங்குதல், திரிதல் என்பன. ஓரிடத்தில் நில்லாது திரிபவர் சாரணர். அங்ஙனம் திரிபவருள் இரு வகையினர் உளர். பகைப்புலத்தே திரிந்து செய்தி அறிந்து வரும் ஒற்றர் ஒரு வகையினர். பற்றற்றுத் திரிந்து உலகினர்க்கு அறமுரைக்கும் முனிவர் மற்றொரு வகையினர். இரு பொருளிலும் இச்சொல் வழங்கும். சிலப்பதிகாரத்து நாடுகாண் காதையிலே, கவுந்தியடிகளும் கோவலனும் கண்ணகியும் மதுரைக்குச் செல்லும் வழியில் அரங்கத்துச் சோலையிற் கண்டு தொழும் சாரணர், வானிற் செல்லவல்ல சமண முனிவர். ஒற்றர் தொழிலையோ தொல்காப்பியர் வெட்சித்திணையில் 'வேய்' எனக் குறித்தார். வள்ளுவர் 'ஒற்றாடல்' என ஓர் அதிகாரமே வகுத்தார்.

ஒற்றனுக்கும் முனிவனுக்கும் ஒரு பெயரா என்று வியப்புத் தோன்றலாம். ஆயின் சாரணர் இயக்கத்தின் வரலாற்றை நோக்குவார்க்கு, இப்பெயரினும் பொருத்தமானது பிறிதில்லை என்பது புலனாகும்.

பேடன் பவல் பிரபு போர்வீரர். படைவீரர்க்கு வேவுபார்க்கும் முறைகளைக் கற்பிக்கும் சிறுநூல் ஒன்றை அவர் 1899ஆம் ஆண்டில் வெளியிட்டார். அவ்வாண்டு ஒக்டோபர் முதல் 1900ஆம் ஆண்டு மே வரை, 217 நாள், தென்னாபிரிக்காவின் மபேகிங் நகரை முற்றுகைக்கு ஈடுகொடுத்துக் காத்தார். பின்னர் இங்கிலாந்துக்கு மீண்டபோது, படைவீரர்க்கென எழுதிய அந்நூலை ஆசிரியர்கள் பிள்ளைகளைப் பயிற்றக் கையாள்வதைக் கண்டு வியந்தார். 1907ஆம் ஆண்டு ஓகஸ்டில் பிரவுன்சித் தீவிலே ஏறத்தாழ இருபது சிறுவரோடு பாசறை நடத்திப் பார்த்தார்; 1908இல் சிறுவர்க்கென்றே புதிய நூல் செய்தார். பகைவனைக் காணப் பழக்கிய கண், அயலானின் துன்பத்தைக் காணப் பழகியது. ஒற்றனின் கலை அறத்தின் துணையாயிற்று.

இவ்வியக்கம் 1912ஆம் ஆண்டிலே மாத்தளைக் கிறைஸ்ட் சேர்ச் கல்லூரி வழியாக இலங்கைக்கு வந்தது. சென்னையிலே 1916இல் அன்னி பெசன்ட் அம்மையார் இந்தியச் சிறுவர்க்கெனச் சாரணர் சங்கம் ஒன்றை நிறுவினார். பவல் பிரபுவும் 1921, 1934 ஆகிய ஆண்டுகளில் நம் நாட்டுக்கு வந்து சென்றார்.

இனி, திருக்குறளின் அதிகார அடைவை நோக்குங்கள். ஐம்பத்தெட்டாம் அதிகாரம் கண்ணோட்டம். ஐம்பத்தொன்பதாம் அதிகாரம் ஒற்றாடல். அறுபதாம் அதிகாரம் ஊக்கமுடைமை. கண்ணோட்டம் என்பதை இக்காலத்தார் 'கருத்து நிலை' என்னும் பொருளில் வழங்குகின்றனர். வள்ளுவர் கருதியதோ இரக்கம். தன் கண் பிறர்மேற் சென்ற இடத்தே நெஞ்சும் உடன் செல்லுதல். முதலில் இரங்கும் கண். அதன்பின் ஆராயும் கண். அவ்விரண்டின் பின் செயலாற்றும் ஊக்கம். அரசனுக்கென வகுத்த இவ்வடைவு ஒரு சாரணச் சிறுவனுக்கும் எத்துணைப் பொருந்துகின்றது! இதனையே அன்று அச்சிறுவர்க்குச் சொன்னேன். அவர்கள் பொறுமையோடு கேட்டார்கள். விளங்கிற்றோ என்பதை நான் அறியேன்.

பேச்சு முடிந்ததும் விளையாட்டுத் தொடங்கிற்று. சாரண ஆசிரியர் ஒரு சாக்கின்மேல் இருபத்துநான்கு பொருள்களைப் பரப்பினார். ஊசி, சங்கு, திறப்பு, பனங்கொட்டை, தூண்டில் முள் எனப் பலவும் அவற்றுள் இருந்தன. ஒரு நிமிடம் காட்டித் துணியால் மூடிவிட்டார். கண்டவற்றை நினைவிலிருந்து எழுதவேண்டும். இதற்குக் 'கிம் விளையாட்டு' என்று பெயர். கிப்ளிங் 1901இல் வெளியிட்ட 'கிம்' என்னும் நாவலிலிருந்து பவல் பிரபு இதனை எடுத்தாண்டார். அந்நாவலின் சிறுவன் ஒருபால் ஒற்றர்களிடம் தொழில் பயில்பவன். மற்றொருபால் ஊர் ஊராகத் திரியும் பௌத்தத் துறவி ஒருவரின் சீடன். சாரணர் என்னும் சொல்லின் இரு பொருளும் அவனிடத்தே கூடியிருத்தலைக் காண்க.

சிலர் இருபது பொருள்களை எழுதினர். என்னிடம் வினா எழுப்பிய சிறுவனோ ஒன்பதை மட்டும் எழுதிவிட்டுக் கடலோரத்தை நோக்கி நின்றான். தோழர்கள் நகைத்தனர். அவன் அதனைப் பொருட்படுத்தாமல் ஆசிரியரிடம் சென்று, "சேர், அங்கால கயிற்றில ஆக்கள் காணாது. நாங்கள் போகட்டோ?" என்றான்.

அப்போதுதான் நாங்கள் அனைவரும் அங்கே பார்த்தோம். சற்றுத் தொலைவிற் கரைவலை இழுத்துக்கொண்டிருந்தார்கள். கரைவலைக்குக் கயிறு இரண்டு. இரு பக்கத்தாரும் ஒத்து இழுத்தாலன்றி வலை நேராகக் கரையேறாது. ஒரு பக்கத்தில் ஆட்கள் குறைவு. அவர்களுள்ளும் ஒருவர் முதியவர். நெடுநேரமாக அக்காட்சி எங்கள் கண்ணெதிரேதான் இருந்தது. கண்ணோட்டத்துக்கு இலக்கணம் கூறிய நானும் அதனைக் கண்டிலேன்! ஒன்பது பொருளை எழுதிய சிறுவன் பத்தாவதாக ஒரு மனிதனின் வருத்தத்தைக் கண்டிருந்தான்.

சிறுவர்கள் ஓடிச்சென்று கயிற்றைப் பற்றினர். வலை கரையேறியபின் முதியவர் சில மீன்களை எடுத்து நீட்டினார். உதவிக்குக் கைம்மாறு பெறுதல் சாரணர்க்கு வழக்கமன்று என்று பணிவோடு மறுத்தனர். முதியவர் சிரித்தார். பின்னர்க் கடலை நோக்கியவாறே, "தம்பிமார், கடலைப் பார்க்கப் பழகுங்கோ. சுனாமியண்டைக்கு நாங்களும் பார்த்துக்கொண்டுதான் நிண்டனாங்கள். என்னெண்டு விளங்கேல்லை" என்றார்.

அதற்குமேல் அவர் ஒன்றும் சொல்லவில்லை. நாங்களும் கேட்கவில்லை.

2004ஆம் ஆண்டு டிசம்பர் 26ஆம் நாள் காலை 6.58 மணியளவிற் சுமாத்திராவை அடுத்த கடலடியில் நிலம் நடுங்கியது. அதன் அலை நம் கீழ்க்கரையை அடைய ஒன்றரை மணி நேரத்துக்கு மேலாயிற்று. இந்து சமுத்திரத்துக்கென எச்சரிக்கை அமைப்பு எதுவும் அக்காலத்தில் இல்லை. இலங்கைக் கரையிற் பல இடங்களில், முதலில் வந்த அலைக்குப் பின் கடல் உள்வாங்கிக் கடலடித்தரை வெளிப்பட்டது. அப்புதுமையைக் காணச் சென்றவர் பலர், அடுத்து வந்த பேரலையிலிருந்து மீண்டிலர். நாடு முழுவதிலும் 30,000 பேருக்கு மேல் மாண்டனர். அதே நாளில் தாய்லாந்துக் கடற்கரை ஒன்றில் டில்லி சிமித் என்னும் பத்து வயது ஆங்கிலச் சிறுமி, நீர் நுரைத்து விலகுவதைக் கண்டாள். இரு வாரங்களுக்கு முன் புவியியற் பாடத்திற் கற்றது அவள் நினைவுக்கு வந்தது. அவள் விடாது கூறிய எச்சரிக்கையால் ஏறத்தாழ நூறு பேர் உயிர் பிழைத்தனர். பார்த்தவர் எத்தனையோ பேர். தான் பார்ப்பது இன்னதென அறிந்தவள் அவள். 'ஆயத்தமாயிரு' என்னும் சாரணர் குறிக்கோளுக்கு இதனினும் தெளிவான உரை வேண்டுமோ? ஆயத்தம் என்பது இடர் வந்த நாளில் தோன்றுவதன்று. இடரில்லாத நாளிற் கற்றுச் சேர்த்து வைப்பது.

இங்கே என் குற்றம் ஒன்றையும் ஒப்புக்கொள்ள வேண்டும். 1983 முதல் 2009 வரை நீடித்த போர்க்காலத்தில் நம் மாவட்டத்தில் 'கண்டேன்' என்று சொல்வதே அச்சத்துக்குரியதாயிருந்தது. ஒற்றன் என்னும் சொல்லை நாங்கள் வகுப்பில் விளக்கவும் தயங்கினோம். "வழியில் எதையும் பாராதே, கேளாதே, நேரே வீடு போய்ச் சேர்" என்று மாணவர்க்கு அறிவுரை கூறிய ஆசிரியர்களுள் நானும் ஒருவன். அவர்கள் உயிரைக் காக்கவே அவ்வாறு கூறினோம். ஆயினும் குனிந்தே நடந்த கண், போர் ஓய்ந்த மறுநாளே நிமிர்ந்துவிடுவதில்லை. அன்று குனியப் பழகியவர்கள் இன்று தந்தையரும் தாயருமாக இருக்கின்றனர். தம் பிள்ளைகளுக்கு அவர்கள் எதைக் கற்பிக்கின்றனர்? அயல்வீட்டில் அழுகுரல் கேட்டால் கதவைச் சாத்தக் கற்பிக்கின்றனரா, திறக்கக் கற்பிக்கின்றனரா? இந்த வினா என்னை வருத்துகின்றது. கயிற்றுக்கு ஆள் போதாது என்று கண்ட சிறுவன் எனக்கு அதனால்தான் பெரியவனாகத் தோன்றினான்.

சாரணர் உடையிலே சின்னங்கள் பல உண்டு. ஒவ்வொன்றும் ஒரு பயிற்சியின் அடையாளம். உயர்ந்தது சனாதிபதிச் சாரணர் விருது. அவற்றைப் பெற முயல்தல் நன்றே. ஆயின் சான்றிதழ்க் கோவையை நிரப்புதற்காகவே சின்னம் தேடுவோன், இருபத்துநான்கு பொருளையும் எழுதிவிட்டு முதியவரைக் காணாத கண்ணுடையவன் ஆவான். மாலைதீவிலே 2008ஆம் ஆண்டு ஜனவரி 8ஆம் நாள், அதிபர் கயூமைக் கத்தியாற் குத்த ஒருவன் பாய்ந்தபோது, பதினைந்து வயதுச் சாரணன் ஒருவன் வெறுங்கையால் அக்கத்தியைப் பற்றித் தடுத்தான். அவன் கை புண்பட்டது. ஓர் உயிர் பிழைத்தது. அந்நொடியில் எந்தச் சின்னத்தை அவன் எண்ணியிருப்பான்?

சாரணர் எடுக்கும் உறுதிமொழியில் எனக்கு மிக உவப்பானது ஒரு சிறு தொடர். கடவுளுக்கும் நாட்டுக்கும் கடமை செய்வேன், பிறர்க்கு உதவுவேன், சாரணர் விதிகளைப் பேணுவேன் என மூன்றை உறுதிகூறும் சிறுவன், அவற்றை 'இயன்றவரை' செய்வேன் என்கின்றான். 'வென்றே தீருவேன்' என்று அவன் வீரம் பேசவில்லை. இன்று அவனால் இயல்வது சிறிது. நாளை இயல்வது சற்றே பெரிது. அவன் வளர, அவன் உறுதிமொழியும் உடன் வளர்கின்றது. வளர்ச்சி என்று நான் கருதுவது இதனையே.

மறுநாட் காலை விழாவிற்கும் சென்றேன். அச்சிறுவனின் முறை வந்தது. மூன்று விரல் உயர்த்தி உறுதி கூறினான். கயிறு இழுத்த கையில் தோல் உரிந்து சிவந்திருந்தது. அவனுக்குச் சின்னம் சூட்டியபின் என்னிடம் வந்து, "ஐயா, அந்த ரெண்டு கருத்தில நாங்கள் எது?" என்று கேட்டான்.

"இரண்டும்தான் தம்பி" என்றேன்.

ஆசிரிய நண்பர்களே, நம் பிள்ளைகளைப் பார்க்கப் பழக்குவோம். பார்த்த இடத்தே நெஞ்சு செல்லவும் பழக்குவோம். குனியக் கற்பித்த கடனை நாம் தீர்க்கும் வழி அதுவே.